அத்தானின் காதுக்கு ஒரு பேட்டரி

அக்காவின் காரில் புதிதாக ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்பதுதான். ஆகியிருக்கும். மெதுவாகப் போகும்வரை அது பேட்டரியிலேயே ஓடும். எஞ்சின் வாயே திறக்காது. வேகம் பிடித்தால்தான் பெட்ரோல். ஹைபிரிட் என்று சொன்னார்கள். அக்காவின் கணவர், என் அத்தான், சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்ததும் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடமிருந்து அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். அந்தத் தெருவில் டிராக்டருக்கும் உர லாரிக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று அது நின்றதைப் பார்த்து, "இது எதுக்கு அத்தான் இந்த ஊருக்கு?" என்று கேட்டேன். "நீ வாத்தியார், உனக்குப் புரியாது" என்றார். நான் விருப்ப ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பதிலை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சில வருடங்களில் சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்தது. ஊசி, லேசர், ஆபரேஷன் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பகலா இரவா என்று மட்டும்தான் தெரிந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. நானும்தான். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஐம்பது தாண்டிய வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு கார் ஓட்டக் கற்றாள். "வயலுக்குள்ள இறக்காம இருந்தா சரி" என்று சொன்னேன். ஒரு நாள் நாற்றங்காலில் இறக்கியும் விட்டாள். ஊரே கூடி நின்று சிரித்தது. மறுநாள் அதே வழியில் அதே காரை ஓட்டிக்கொண்டு போனாள். எனக்கு இருக்கிற ரோஷத்துக்கு நானாக இருந்தால் சாவியை வாய்க்காலில் எறிந்திருப்பேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் இருவரும் ஆற்றுக்கரைச் சாலையில் போய்விடுவார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் காரை உருட்டுவாள் அக்கா. எஞ்சின் சத்தம் இல்லாததால் அத்தானுக்கு வயல் கேட்கும். மதகில் தண்ணீர் விழுவது, எந்த வயலில் மருந்து அடிக்கிறார்கள், கதிர் முற்றிவிட்டதா என்பதெல்லாம் காதிலேயே தெரியும் என்பார். பீற்றிக்கொள்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு தடவை எலி வெட்டுகிறது என்று அவசரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார். பார்த்தால் ஒரு ஆடு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் பத்துக்கு எட்டு சரியாகத்தான் சொல்வார். கேட்டுவிட்டு வந்து, மறுநாள் ஆட்களுக்கு என்ன வேலை என்று சொல்வார். அந்த ஒரு சுற்றால்தான் அவர் இன்னும் விவசாயியாக இருந்தார். அது நின்றால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நோயாளி. இது எங்கள் மூவருக்கும் தெரியும், வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் காருக்கு வந்தது வினை. பின் சீட்டுப் பக்கம் ஒரு ஃபேன் உறுமத் தொடங்கியது. பேட்டரி நிமிடத்தில் இறங்கிப்போக, நத்தை வேகத்திலும் எஞ்சின் ஓயாமல் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில், மொத்த பேட்டரியையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு, நான் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பின் சீட்டைக் கழற்றினார். பேட்டரிக்குக் காற்று போக சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வழி உண்டாம். அது முழுக்க நெல்லுச் சுணை, உமியின் மேலிருக்கும் அரிக்கிற தூசி, அடைத்திருந்தது. கையால் அள்ளி வெளியே போட்டார்.

"இதுல மூட்டை ஏத்துவீங்களா?"

"விதைநெல்லு ஏத்துவோம்" என்றாள் அக்கா. "டிக்கியில சூடு ஏறுமேன்னு பின் சீட்டுல வைப்பேன்."

"அதாங்க, மூச்சு முட்டிடுச்சு. பழுதான செல்லை மட்டும் மாத்தித் தரலாம். செலவு கம்மி. விளக்கு அணையும், வண்டி ஓடும். ஆனா மத்த செல்லுக்கும் அதே வயசுதாங்க. முன்ன மாதிரி எஞ்சின் இல்லாமயே ரொம்ப தூரம் உருளும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

சுணையைத் துடைத்து, இப்போதைக்கு இருந்ததையே மறுபடி மாட்டிக் கொடுத்தார். வழி நெடுக நான் சொற்பொழிவு ஆற்றினேன். பழைய காருக்கு இவ்வளவு செலவு பைத்தியக்காரத்தனம், ரிப்பேர் செய்து விற்றுவிடு, ஒரு சின்ன கார் வாங்கு. "சின்ன கார் கத்துமே" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேசினாள்.

அத்தானும் ரிப்பேர் போதும் என்று சொல்லிவிட்டார். தை முடிந்ததும் திருக்கடையூரில் அவருடைய அறுபதாம் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, வெளிநாட்டிலிருந்து வரும் மகள், சொந்தபந்தம் என்று அதற்காக எடுத்துவைத்த பணத்தில்தான் பேட்டரி வாங்க வேண்டியிருக்கும். "எஞ்சின் சத்தம் என்ன செய்யும்? எனக்கு எல்லாம் கேக்குது" என்றார்.

"சரி, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து முடிவு பண்ணலாம்" என்றாள் அக்கா. நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மார்கழி. சம்பா பால் பிடித்திருந்த நேரம். தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, ஃபேன் வேறு. எங்கள் வாய்க்கால் மதகருகே அக்கா வண்டியை நிறுத்தினாள். அத்தான் தலையை வெளியே நீட்டினார்.

"தண்ணி நல்லா வருது. மதகுல விழுற சத்தம் கேக்குது பாரு" என்றார்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அடிச்சேறு வெடித்திருந்தது. ரெண்டு மைனாக்கள் அதில் நடந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அக்கா என்னைப் பார்த்தாள். சிறுவயதில் அப்பாவிடம் எனக்காகப் பொய் சொல்லும்போது, நீ பேசாதே என்று அவள் பார்க்கும் அதே பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க, நல்லா வருது" என்றாள்.

"பாத்தியா? புது பேட்டரி எதுக்குங்கறேன். மண்டபத்துக்குச் சொல்லிடு. நாளைக்கு மோட்டார் போட வேண்டாம்னு ஆளுக்கும் சொல்லிடு."

"சொல்லிடறேன்."

எத்தனை நாளாக இந்த மனிதர் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அவளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று. முந்தின நாள் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆக, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பயிருக்கு வேண்டியதை இவள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள். வாழ்நாள் முழுக்க அறிவாளிகள் என்று யார் யாரையோ பாராட்டியிருக்கிறேன். கூடப் பிறந்தவளைப் பார்த்து அசந்துபோனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். "நாளைக்கே புது பேட்டரிக்குச் சொல்லிடு."

"அத்தான் ஒத்துக்குவாரா?"

"அவர்கிட்ட ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

"அப்ப மண்டபம்?"

"கோயில்ல வெச்சு ஒரு மாலை மாத்தினா போதும். அதைப் பாக்கறதுக்குக் கண்ணா இருக்கு அவருக்கு? கேக்கறதுக்குக் காது இருக்கு, அதுக்குச் செலவு பண்ணலாம்." சொல்லிவிட்டு, அழுகிறாளா என்று நான் பார்ப்பதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு முன் புது பேட்டரி வந்தது. பின் சீட்டில் விதைநெல் ஏற்றக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். முதல் நாள் சுற்றுக்கு என்னையும் அழைத்தாள். கண்ணாடிகள் இறங்கின. கார் உருண்டது. சக்கரத்தடியில் வைக்கோல் நொறுங்குவதுகூடக் கேட்டது. அத்தான் வழக்கமான பீற்றல் எதையும் ஆரம்பிக்கவில்லை. மதகருகே வந்ததும் கையைத் தூக்கினார். அக்கா நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கேட்டார். "கிழக்க நம்ம மோட்டார் ஓடுது. அந்த விக்கல் அதுக்குத்தான் உண்டு."

பிறகு வாய்க்கால் பக்கம் காதைத் திருப்பினார்.

"வாய்க்கால்ல சத்தமே இல்ல. தண்ணி இல்லாததாலதான் மோட்டார் போட்டிருக்கே."

"ஆமாங்க."

"இது ரிப்பேர் பண்ண பேட்டரியும் இல்ல."

"இல்லங்க."

அத்தான் வாய்க்கால் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, அவள் இருக்கும் பக்கம் வைத்துக்கொண்டார். "அன்னிக்கும் தண்ணி இல்லதானே?"

"இல்ல."

"பின்ன ஏன் நல்லா வருதுன்னே?"

"நீங்க வருதுன்னீங்க" என்றாள் அக்கா. "உங்க பேச்சை நான் எப்ப தட்டியிருக்கேன்?"

அத்தானுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பின்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

"மெதுவா போ" என்றார். "கடைசி வயல் வரைக்கும் கேட்டுட்டு வரலாம்."