புல்லுக்கு விட்ட தண்ணீர்

பாராளுமன்றத்துக்கு எதிரே இருக்கிற பெரிய பூங்காவில் தோட்ட ஆளாக வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல உயர்ந்து, கடைசியில் அந்தப் பூங்காவுக்கே கண்காணிப்பாளர் ஆனவர் அவர். காவலாளிகளும் தோட்ட ஆட்களும் அவர் முதுகுக்குப் பின்னால் ‘புல்லு சார்’ என்றுதான் சொல்வார்கள். யாராவது செருப்புக் காலோடு புல்லில் குறுக்கே நடந்துவிட்டால், தன் நெஞ்சிலேயே மிதித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். அதனால் வந்த பெயர். அது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துவிடுவார். உள்ளுக்குள் அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரே பூங்கா. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கோ நாலு இலாகாக்களின் பங்காளிச் சொத்து. புல்லும் மரமும் பூங்கா இலாகாவுக்கு. நடுவில் நிற்கும், போரில் இறந்தவர்களுக்கான கல்தூணும் அதன் கல்மேடையும் நினைவுச்சின்ன இலாகாவுக்கு. நடைபாதை மாநகராட்சிக்கு, விளக்குக் கம்பம் மின்சாரக்காரர்களுக்கு. புறா தூணின் மேல் எச்சமிட்டால் அது நினைவுச்சின்ன இலாகாவின் தலைவலி. அதே எச்சம் வழிந்து கீழே விழுந்தால் புல்லு சாரின் தலைவலி. “புறாவுக்கு எல்லையைக் காட்டிக் குடுத்துட்டு வாங்க சார்” என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள். ஒரு மரக்கிளை விளக்கை மறைத்தது என்றால், வெட்டுவதற்கு மின்சாரக்காரர்கள் எழுத, இவர் பதில் எழுத, அனுமதி வந்து சேர்வதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து வெளிச்சம் தானாகவே வந்துவிடும். இந்தக் கூத்தையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிக்க வைப்பதில் அவர் கெட்டிக்காரர். அதிகம் சிரிப்பது அவர் தங்கை.

அவருக்கு இருந்தது ஒரே தங்கை. அம்மா இறந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் படுத்ததைவிட வண்டியில் படுத்ததுதான் அதிகம். அதனால் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடுவது அண்ணன் வேலையாயிற்று. இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வந்த நாளே கிடையாது. “அண்ணே, ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது” என்று அழுதுகொண்டே போவாள். அவளை நர்ஸுக்குப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். “உங்க தங்கச்சி தும்முனா உங்களுக்குல்ல மூக்கு ஒழுகுது” என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பொறாமை கொஞ்சமும் பாசம் நிறையவும் இருக்கும்.

தங்கை அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸாக வேலை பார்த்தாள். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள்; நிரந்தரம் என்ற பேச்சே வராது. அவளைப் போல நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர். எல்லோரும் கூடிப் பேசி, வேலையை நிரந்தரமாக்கும்வரை முறை போட்டுத் தர்ணா உட்கார்வது என்று முடிவெடுத்தார்கள். ஒரு சாயங்காலம் அவள் பூங்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, உன் பூங்காவுலதான் வந்து உக்காரப் போறோம். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்காத.”

“ஊர்ல உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?”

“மந்திரிங்க ஜன்னலைத் திறந்தா நாங்க கண்ணுல படணும்ல? அதுவும் போக, உன் புல்லு நல்ல புல்லு. உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பந்தலுக்குக் கம்பு மட்டும் நடாதீங்கம்மா. கிழக்குப் பக்கக் கழிப்பறையைப் பூட்ட வேணாம்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன்” என்றார்.

வந்து உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாக, வெள்ளை உடுப்பும் தார்ப்பாயுமாகப் புல்வெளி நிறைந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் புல் மஞ்சளாகிறதே என்று புல்லு சார் முணுமுணுத்தார். ஆனாலும் மத்தியான வேளையில் பெரிய பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போகாமல் இருந்ததில்லை. தங்கை கூப்பிடுவதைப் பார்த்து அங்கிருந்த அத்தனை பேரும் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரைவிட மூத்தவளான ஒருத்தி, எல்லோரும் பெரியக்கா என்று சொல்கிறவள், அவளும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். தலை நரைக்கும்வரை ஒப்பந்தத்திலேயே காலத்தை ஓட்டியவள். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது.

“உங்க புல்லு குடுத்து வெச்சது அண்ணே,” என்றாள் ஒருநாள். “எத்தனை தடவை வெட்டுனாலும் அதுக்கு வேலை நிரந்தரம்.”

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வருவதாகவும், நினைவுத்தூணில் மலர்வளையம் வைக்கப்போவதாகவும் செய்தி வந்தது. பூங்கா இலாகாவின் துணை இயக்குநர் காரைவிட்டு இறங்கி, புல்வெளியைப் பார்த்தார். தார்ப்பாய்களைப் பார்த்தார். புல்லு சாரைத் தனியாக அழைத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் நடந்தார்.

“புல்லு வாடுன மாதிரி இருக்கே. தண்ணி விடுறதில்லையா?”

“இப்பதான் மழை பேஞ்சுது சார். ஈரமே இன்னும் காயல.”

“நான் ஈரத்தைப் பத்தியா கேட்டேன்? போலீஸை விட்டுக் கிளப்புனா நாளைக்குப் பேப்பர்ல படம் வரும். ஸ்பிரிங்க்ளர் போட்டா என்ன வரும்? ஒண்ணும் வராது. நாம யாரையும் போகச் சொல்லல. புல்லுக்குத் தண்ணி விடுறோம், அவ்வளவுதான்.”

“எழுத்துல ஏதாவது உத்தரவு...”

“புல்லுக்குத் தண்ணி விட எழுத்துல உத்தரவா? நல்லா கேட்டீங்க போங்க!” என்று அவர் தோளில் தட்டிச் சிரித்தார். “நாளைக்கே முடிச்சிடுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். நகரத்துக்கு வெளியே இருக்கும் நாற்றுப்பண்ணைக்கு மாற்றுவார்கள். பூங்காவுக்குள் இருக்கும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வரும். தலை போகிற காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓய்வு பெறுகிற வயதில், தான் வளர்த்த புல்லைவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. தங்கைக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தார், வைத்தார். சொன்னால் அவள் மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்கமாட்டாள். யார் சொன்னது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

அப்போதுதான் ஒரு வழி புலப்பட்டது. தங்கை மதியத்தில் வீட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து, உடுப்பு மாற்றிக்கொண்டு சாயங்காலம்தான் திரும்புவாள். அந்த நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் போயிற்று. இது தோன்றியதும் பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர் மாதிரி ஆனார். அன்றைக்கு நன்றாகவே தூங்கினார்.

மறுநாள் மதியம் பம்ப் ஆபரேட்டரைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, வால்வைத் தன் கையாலேயே திறந்தார். பாவம், பழி அவன் தலையில் விழவேண்டாம் என்ற நினைப்பு. பம்ப் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்குள்ளிருந்து குழாய்கள் புஸ்ஸென்று தலை நீட்டின. முதலில் பெண்கள் சிரித்தார்கள். ஏதோ தவறுதலாகத் திறந்துவிட்டது என்று நினைத்து, “அண்ணே! தண்ணி வருது! நிறுத்தச் சொல்லுங்க அண்ணே!” என்று அலுவலகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சிரிப்பு நின்று ஓட்டம் ஆரம்பித்தது. பைகளும் போன்களும் போர்வைகளும் நனைய, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு, தண்ணீர் எட்டாத கல்மேடையை நோக்கி ஓடினார்கள். வழவழவென்று பாலிஷ் போட்ட கல். ஈரக் கால்கள். பெரியக்கா வழுக்கி, வலது கையை ஊன்றியபடி விழுந்தாள்.

விழுந்தவளிடம் முதலில் ஓடியது அவர் தங்கை. அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கணவன் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால் அங்கேயே இருந்திருக்கிறாள்.

அவர் அவசர அவசரமாக வால்வை மூடினார். தங்கை ஒரு கோரிக்கை அட்டையை மடித்துப் பெரியக்காவின் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்து, துப்பட்டாவால் கட்டி, அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேராகப் பம்ப் அறைக்கு வந்தாள். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

“அண்ணே, ஆபரேட்டர் எங்க?”

“சாப்பிடப் போயிருக்கான்.”

கொஞ்ச நேரம் அவரையும் வால்வையும் பார்த்தாள்.

“அப்ப, நீதானா?”

“மேல இருந்து சொன்னாங்கம்மா. நான் என்ன பண்ண முடியும்?”

“நீ நிறுத்திடுவேன்னுதான் எல்லாரும் உன்னைக் கூப்பிட்டோம்” என்றாள். திரும்பி நடந்தாள். சத்தம் போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

போராட்டம் அத்தோடு கலைந்தது. வெளிநாட்டுத் தலைவர் வந்தார், மலர்வளையம் வைத்தார். டிவியில் புல் பச்சைப் பசேல் என்று தெரிந்தது. துணை இயக்குநர் கை குலுக்கினார். பெரியக்கா விழுந்ததற்கு விசாரணை நடந்தது. விழுந்தது கல்மேடையில், ஆகவே அது நினைவுச்சின்ன இலாகாவின் பொறுப்பு என்று பூங்கா இலாகா சொன்னது. தண்ணீர் வந்தது புல்லிலிருந்து, ஆகவே தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அவர்கள் சொன்னார்கள். இப்படியே போய் வந்து விஷயம் ஓய்ந்தது. மற்ற நேரமாக இருந்தால் வீட்டில் சொல்லிச் சிரிக்கக்கூடிய கதை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியக்காவின் கை கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையால் நரம்பு பார்த்து ஊசி போட முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் போர்வை, தலையணை உறை எண்ணிக் கொடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் அரசாங்கம் கொஞ்சம் பேரை நிரந்தரமாக்கியது. தங்கைக்குக் கிடைத்தது. பெரியக்காவுக்கு வயது தாண்டிவிட்டது என்றார்கள். புல்லு சார் ஒரு தடவை அவளைப் போய்ப் பார்த்தார். “விடுங்க அண்ணே. நீங்க திறக்கலேன்னா இன்னொருத்தர் திறந்திருப்பார்” என்றாள் அவள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். வெளியே வந்தவருக்குப் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

தண்ணீர் திறந்துவிட்ட பிறகு முதல் தடவையாகத் தங்கை வீட்டுக்கு அவர் போனபோது கதவு திறந்தது. “வாங்க. உக்காருங்க” என்றாள் தங்கை.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேச்சு வந்த நாளிலிருந்து ‘வா அண்ணே, போ அண்ணே’ என்றவள். அன்றைக்கு “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். டீயும் கொடுத்தாள், தட்டில் பிஸ்கட்டும் வைத்தாள். அவள் கணவன், “என்ன மச்சான், எளைச்சிட்டீங்க” என்று எதையாவது பேசிச் சமாளித்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் சொன்னாள்: “சண்டை போட்டிருந்தா சமாதானம் பேசலாம். மரியாதை குடுக்கிறவகிட்ட என்னன்னு போய்ப் பேசுறது?”

ஓய்வு பெற்ற பிறகு, குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாடகை வீட்டுக்கு வந்தபின், அவருக்கு ஒரு எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. முழு விஷயமும் தெரிந்தால் தங்கை மனசு மாறும் என்று நம்பினார். சாமான் ஒதுங்கவைக்க அவள் வந்திருந்தபோது, அடுப்படிப் பக்கம் தனியாக நின்றவளிடம் சொல்லிவிட்டார்.

“நீ அந்த நேரத்துல வீட்டுல இருப்பேன்னு நினைச்சேன்மா. அதுக்காகத்தான் மத்தியானமாப் பார்த்துத் திறந்தேன். நீ நனையக் கூடாதுன்னு.”

துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அவள் கீழே வைத்தாள்.

“அப்ப மத்தவங்க நனைஞ்சா பரவாயில்லையா?”

“அப்படி இல்லம்மா...”

“அங்க இருந்த எல்லாருமே உங்களை அண்ணேன்னுதானே கூப்பிட்டாங்க?”

அதுவரை அண்ணன் பயத்தில், யோசிக்காமல் செய்துவிட்டார் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். நன்றாக யோசித்து, நேரம் பார்த்துத்தான் செய்தார் என்பதை அவரே வாயைக் கொடுத்துத் தெரியப்படுத்தினார். வால்வைத் திறந்ததற்கு அடுத்தபடியாக அவர் வருந்தியது இதைச் சொன்னதற்குத்தான்.

தங்கை அதற்காக வராமல் இருந்துவிடவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்த பிறகு, மாதத்துக்கு ஒருமுறை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பட்டையைச் சுற்றுவாள். அவள் தலையிலும் நரை விழுந்துவிட்டது. காற்று ஏறிக் கை இறுகும்போது, எதையாவது பேச வேண்டும் என்று அவருக்கு வாய்வரைக்கும் வரும். “பேசாம இருங்க, ஏறிடும்” என்பாள்.

“கூடத்தான் இருக்கு. உப்பைக் குறைங்க” என்று சொல்லிவிட்டுக் கருவியை மடித்து வைப்பாள். அண்ணியிடம் மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று இன்னொரு தடவை விளக்கிவிட்டுக் கிளம்புவாள். அவர் வாசல்வரை வந்து, பஸ் வரும்வரை நின்று பார்ப்பார். பிறகு உள்ளே போய், உப்பில்லாத சாப்பாட்டை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.