பாதி கழித்துக் கேட்டவர்

சாமுவேல் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். “பாளையங்கோட்டையில நட்சத்திரம் பாக்குற குமாஸ்தா இருந்தாகள்லா, அவுகளைக் காலையில அடக்கம் பண்ணிட்டாகளாம்” என்றான் வண்டிக்காரன். என் தோளிலிருந்த தார் நழுவி விழுந்தது. இந்த ஜில்லாவிலேயே அத்தனை பெரிய தாரைத் தனியாளாகத் தூக்குகிறவன் நான் ஒருவன்தான். அன்று அதை எடுத்து வைக்க எனக்குக் கை எழவில்லை.

நட்சத்திரம் பார்க்கும் நம் கூட்டத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஆற்று மணலில் கூடுவோம். காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் தந்த கப்பல் தூரக்கண்ணாடி நடுவில் நிற்கும். எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். பிறகுதான் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் படித்தது நான்காம் வகுப்புதான், ஆனால் என் கண் பருந்தின் கண். பட்டப்பகலில் வெள்ளியைக் காட்டி ஒரு துரையையே வாய் பிளக்க வைத்தவன் நான். ஒருநாள் வியாழனைச் சுற்றி எல்லாரும் நான்கு நிலாக்கள் கண்டார்கள். நான் ஏழு கண்டேன்.

“பிச்சையா சொன்னா பாதி கழிச்சிரணும்” என்றார் அண்ணாச்சி. “ஏழுல பாதி மூணரை. அந்த அரை நிலா எங்கவே போச்சு?”

மணலெல்லாம் சிரிப்பு. அன்று முதல் நான் எதைச் சொன்னாலும் “பாதி!” என்று அவர் கை உயரும். எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. கழிப்பதற்கென்றே கொஞ்சம் கூட்டிச் சொல்லவும் பழகிக்கொண்டேன்.

வால் நட்சத்திரம் வரப்போகிற வருஷம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. அண்ணாச்சி கணக்குப் போட்டார். முதலில் அது விடியலில் கிழக்கே தெரியும்; பிறகு சூரியனைச் சுற்றிக்கொண்டு மாலையில் மேற்கே வரும்; அதற்குள் புரையை அறுத்தெடுத்து, கண் கட்டும் அவிழ்த்துவிடலாம். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அவர் கட்டோடு படுத்திருந்த நாளில் விடியலுக்கு முன் ஆற்று மணலில் நின்று நான் அதைப் பார்த்தேன். பாளையங்கோட்டைத் தேவாலயத்தின் ஊசிக்கோபுரத்துக்குப் பின்னால் தொடங்கிய வால் என் உச்சந்தலை வரை நீண்டு கிடந்தது. நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, சொல்லட்டா?”

“வாயைத் தொறக்காதீரும்! சட்டம் என்னவே? நான் இன்னும் பாக்கலேல்லா?”

கட்டு அவிழ்ந்தது. தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொழுது சாயும்போது மணலில் நாற்காலி போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தார். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. பொதிகை மலை முழுதும் மேகம். ஊரெல்லாம் களிப்போடு குற்றாலத்துக்கு வண்டி கட்டியது. அவர் மட்டும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், மாலைக்கு மாலை. மேகம் விலகியபோது மேற்கே ஒன்றும் இல்லை.

“அது திரும்பி வர இனி எழுபத்தஞ்சு வருஷம்” என்றார். பிறகு, “சொல்லும்வே. இன்னைக்குக் கழிக்க மாட்டேன்” என்றார்.

சொன்னேன். என் வாழ்நாளில் அன்றுதான் ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். கோபுரத்திலிருந்து உச்சந்தலை வரை, கண்டது கண்டபடி. அவர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கை உயரவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது.

“முழுசாத்தான் கேக்கப் பாக்கேன், பிச்சையா. மனசு தானாப் பாதி கழிக்குதே, நான் என்ன செய்ய?”

அதற்குப் பிறகு அவர் தூரக்கண்ணாடியைத் தொடவில்லை. கூட்டமும் கலைந்துபோனது. இருந்த சில வருஷங்களும் அவர் வானத்தோடு பேச்சு வார்த்தை இல்லாதவரைப் போலக் குனிந்தே நடந்தார்.

நேற்று அந்த மணலுக்குப் போனேன். வியாழன் முளைத்திருந்தது. ஏழு நிலா என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஏழும் ஏழாகவே நின்றன. அண்ணாச்சி கல்லறைக்குக் கொண்டுபோனது பாதி வால்தான். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?