பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிரஷர் பார்த்தேன்

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். என்னைப் பார்க்க வந்த சிவகாசிக்காரர்கள் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். அதை ஒரு மரியாதை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

விருதுநகரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சுகாதார உதவியாளர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். ஒரு வருடப் பட்டயம். பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஆமத்தூரில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்த அப்பா, "ஒரு வருசந்தான, வரன் அமையுற வரைக்கும் போய்ட்டு வரட்டும்" என்று விட்டார். அவரைப் பொறுத்தவரை அது பொழுதுபோக்கு. நான் மட்டும்தான் அதைப் படிப்பு என்று நம்பினேன்.

கல்லூரியில் இருந்த பொம்மை நோயாளிக்கு ஒரு கால் கழன்று கழன்று விழும். அதனால் நாங்களே முறை வைத்து நோயாளியாகப் படுத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மாதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், முதுகில் புண் வந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று தினமும் சொல்வார். கடைசி மூன்று மாதம் விருதுநகரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சி. என் கையில் விட்ட யாருக்கும் புண் வரவில்லை. அங்கிருந்த தலைமை நர்ஸ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சர்டிபிகேட்டு வாங்குன கையோட வந்துரு. ஒனக்கு எடம் வச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு ஆமத்தூருக்கு வந்து இறங்கும் வரை பஸ்ஸில் உட்காரவே தோன்றவில்லை.

சர்டிபிகேட் வந்தது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். தூரத்து உறவு. சிவகாசியில் சொந்த அச்சகம், வருடம் பூராவும் காலண்டர், லேபிள் ஆர்டர். "அம்புட்டுப் பெரிய எடம் நம்மளத் தேடி வருது பாரு" என்று அம்மா பூரித்துப் போனாள். ஏன் தேடி வருகிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"பொண்ணு பிரஷரெல்லாம் பாக்குமாமே. எனக்குப் பாரு தாயி" என்று மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டினார். ஓடிப்போய்க் கருவியை எடுத்து வந்தேன். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, வந்திருந்த ஏழு பேருக்கும் வரிசையாகப் பார்த்தேன். "ஒங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு அத்தை, ஊறுகாயக் கொறைங்க" என்று வருங்கால மாமியாருக்கே யோசனை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள், "படுத்த படுக்கையா இருக்கவுகளுக்கும் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டார். நர்சம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். மாப்பிள்ளை என் சர்டிபிகேட்டை வாங்கி, விரலிடையில் தேய்த்துப் பார்த்து, "பேப்பர் நல்ல கனமா இருக்கு" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "மாமாவுக்குக் கொஞ்சம் முடியல, அதான் வரல" என்றார்கள். வேலையைப் பற்றி அப்பா இழுத்தபோது, "கல்யாணத்துக்குப் பெறகு போகட்டுமே, நாங்க என்ன வேணாம்னா சொல்லப் போறோம்" என்றார்கள். தலைமை நர்சிடம் இரண்டு மாதம் தவணை கேட்டேன்.

மறுவீடு முடிந்து சிவகாசிக்குப் போனபோதுதான் மாமனாரின் அறையைப் பார்த்தேன். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். அவரைக் கவனிக்க ஓர் ஆள் இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவருக்கு வேட்டியும் ஸ்வீட் பெட்டியும் கொடுத்து, "இனிமே வீட்டு ஆளே இருக்கு" என்று சொல்லி நிறுத்திவிட்டார்களாம். சமையல்கார அக்கா போகிற போக்கில் இதைச் சொன்னார். அவர்கள் ஆமத்தூருக்கு வந்தது வேலைக்கு ஆள் எடுக்க. ஏழு பேர் வைத்த தேர்வில் நானே விழுந்து விழுந்து தேறியிருக்கிறேன்.

வேலைக்குப் போகட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருந்தது. தீபாவளி முடியட்டும். காலண்டர் சீசன் முடியட்டும். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டேன். "அங்கன போயி எவரையோ பாக்குறதுக்கு, இங்கன ஒம் மாமனப் பாத்தா என்ன?" என்றார் மாமியார். அங்கே எட்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அத்தை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதுமே பதில் இரண்டு வருடம் கழித்துத்தான் வரும்.

மாமனார்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதி நினைவு தப்பியிருந்த அவர், நான் மருமகள் என்பதைக் கடைசி வரை அறியவே இல்லை. பார்த்ததும் கோணல் வாயால் "சிஸ்டர்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது சங்கடம். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். நான் படித்த படிப்பைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

நான்கு வருடம் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினேன், துடைத்தேன், குழாய் வழியாகக் கஞ்சி ஊட்டினேன். அவர் இறந்தபோது உடலைக் குளிப்பாட்டிய பங்காளி ஒருவர் வெளியே வந்து, "முதுகுல ஒரு புண்ணு இல்ல" என்று வியந்தார். பிறகு என் மாமியாரிடம் போய், "நல்லாப் பாத்துக்கிட்டீக மதினி" என்றார். மாமியார் அழுதுகொண்டே தலையாட்டினார்.

மூன்று மாதம் கழித்து விருதுநகருக்கு அந்த மருத்துவமனைக்கே போனேன். என் கணவரும் கூட வந்தார். தடுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பழைய தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றிருந்தார். அலுவலகத்தில் இருந்த பெண் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அனுபவம் இருந்தால் நேராக வார்டு, இல்லாவிட்டால் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளோடு ஒரு வருடம் பயிற்சி.

"நாலு வருசமா எங்க வேல பாத்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "எங்கயும் இல்ல மேடம், வீட்லதான் சும்மா இருந்தா" என்றார்.

பக்கவாத நோயாளி ஒருவரை நான்கு வருடம் கவனித்தேன் என்றேன். அந்தப் பெண் நல்ல மாதிரி. "அப்ப அங்கன எழுதி வாங்கிட்டு வாங்க, போதும்" என்றார்.

கணவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். ஊரில் பாதிக் கம்பெனிக்கு லெட்டர் பேடு அடித்துக் கொடுப்பவர் அவர். "ஒங்க பேடுல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப் போனது. "அது எப்படி? அப்பாவ ஆள் வச்சுப் பாத்தம்னு ஆயிராதா? நாலு பேரு என்ன நெனப்பாக?"

"ஆள் வச்சுத்தான பாத்தீக."

அவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இந்த ஒரு பதிலாவது எனக்கு நேரத்துக்கு வந்ததே என்று இருந்தது. அதனால் ஆனது ஒன்றுமில்லை.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் கணவர் வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தாளை விரலிடையில் தேய்த்துப் பார்த்து, "இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி, பேப்பர் ரொம்ப மட்டமா இருக்கு" என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.