கசகசாக் கீரை

நெருக்கடி நிலை விலக்கப்பட்ட வருஷம், கார்த்திகை தீபம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆரணியில் நான் குடியிருந்த வாடகை வீட்டுத் தோட்டத்தில் கசகசா விதைத்தேன். குருமாவுக்குக் கடையில் விற்கிற அதே கசகசாதான். அதன் பூவைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன். அபினி எடுக்கிற செடி, வளர்க்க அனுமதி வேண்டும் என்பது அப்போது தெரியாது. விதை பொடியாக இருந்ததால் மணலில் கலந்து தூவினேன். மார்கழியில் பாத்தி சாம்பல் பச்சையாக நிறைந்தது.

நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த நெசவாளியின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், கீரையப் புடுங்கி எறியறீங்க?"

கசகசாச் செடி, இளசாக இருந்தால் சமைக்கலாம் என்று படித்திருக்கிறேன் என்றேன். மடியில் அள்ளிக்கொண்டு போய்ப் பருப்போடு கடைந்தாள்.

மறுநாள் காலை அவள் அலறினாள். ஓடினேன். கூந்தலைப் பிடித்து அவள் தலையைத் தறிக்காலில் மோதிக்கொண்டிருந்தான் புருஷன். தை முகூர்த்தத்துக்கான சேலையை அன்று வாங்கிப்போக, பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி வந்திருந்தார். சேலை இன்னும் ஒரு முழம் நெய்ய வேண்டிய நிலையில் நின்றது. முந்தின ராத்திரி அவன் கள்ளச்சாராயம் குடித்துத் தறியிலேயே விழுந்து கிடந்திருக்கிறான்.

"அபினிக் கீரை போட்டுட்டா முதலாளி! எனக்கு மருந்து வச்சிட்டா!"

மருந்து வச்சிட்டா என்றதும் வாசலில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். எங்கள் பக்கத்தில் புருஷன் சோற்றில் மருந்து கலந்தவள் என்ற சொல் விழுந்த பெண்ணுக்கு அப்புறம் அந்த வீட்டில் சோறில்லை.

"தறியில இருக்கற என் பாவு நூல அறுத்து எடுத்துக்கறேன்டா. முள்ளிப்பட்டு ஆள் நெய்யட்டும்" என்றார் முதலாளி.

நான் திரும்பி ஓடி, ஒரு பிடி இலை பறித்து வந்து, எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினேன். கசந்தது. "மயக்கம் வருதா, பாருங்க" என்றேன்.

"நீயும் கூட்டாடா?" என்று அவன் விட்ட குத்தில் என் முன்பல் உடைந்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பாத்தி முழுவதையும் காலால் துவைத்தான். ஒரு செடி மிஞ்சவில்லை. திரும்பி வந்தவன் கையில் என் களைக்கொத்து இருந்தது.

அவன் மூச்சுக்காற்று பட்டதும் முதலாளி மூக்கைப் பொத்தினார். "கீரையாடா இப்படி நாறுது?"

அவன் களைக்கொத்தை அவள் தலைக்கு ஓங்கினான். அவள் தறியில் ஊடை நூல் ஓட்டும் நாடாக்கட்டையை உருவி, அதன் இரும்பு முனையை அவன் தோளில் இறக்கினாள். களைக்கொத்து கீழே விழுந்தது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"இதான் நான் வச்ச மருந்து. போய்ச் சொல்லிகினு திரி."

பிறகு முதலாளியைப் பார்த்தாள். உதடு கிழிந்திருந்தது. "பாவ அறுக்காதீங்க. இதுக்கு முந்தி இவன் குப்புற விழுந்த ராத்திரியெல்லாம் இந்தத் தறியில யாரு நெய்ஞ்சதுன்னு நெனச்சீங்க?"

முதலாளி சேலையின் நெய்த பகுதியைத் தடவிப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள வேணும்" என்றார்.

பட்டில் கறை படக்கூடாதே என்று கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தறிக்குழியில் இறங்கினாள்.