‘நீ’ என்று ஒரு சொல்

சுதந்திரத்துக்குப் பிறகும் ஊர் திரும்பாத வெள்ளைக்கார டாக்டர் அவர். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காக எல்லோரும் தள்ளியே நின்றார்கள். காலடிக்கு வந்த தெருநாயிடம், “நீங்க அங்கிட்டு போங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “நாய்க்கு ‘நீ’ போதுங்க.”

“இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே வார்த்தை. அதான் இது எனக்குப் பிடிபடலை. ‘நீ’ன்னு யாரைச் சொல்லணும்?”

“சின்னவங்களை. இல்லேன்னா ரொம்ப நெருங்கினவங்களைங்க.”

நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்கிட்ட யாருமே அப்படிப் பேசினதில்லை. பேசினாத்தானே பழகும்?”

எனக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். ஒரு தடவையாவது அவரை அப்படி அழைத்துவிட வேண்டும் என்றிருந்தது. புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

“நீங்க மொதல்ல ஏறுங்க” என்றுதான் வந்தது.