பத்துப் பழத்துக்குக் காத்திருந்த அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர், அயலவர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இதில் எனக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி என்று அச்சகத்தில் சொன்னார்கள். அவர்கள் முன்பு அச்சிட்ட மலர் ஒன்றை எடுத்து எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்றுதான் வருகிறது. ஆகவே சுருக்கமாக எழுத வேண்டும். அக்காவின் வாழ்க்கையைக் குறைந்த இடத்தில் சொல்லிவிட்டு, அவரது கடைசி நாட்களுக்குக் கூடிய இடம் எடுத்திருக்கிறேன். அந்த நாட்களில் நடந்தது உங்களில் அநேகருக்குத் தெரியாது.

அக்கா சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் குடும்பமொன்றில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடைசிப் பிள்ளை நான். எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். இடையில் பிறந்த மூவரும் முன்பே போய்விட்டார்கள். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போனவர், எங்கள் நால்வரையும் ஆளாக்கிய பிறகே தன் கலியாணத்துக்குச் சம்மதித்தார். நான் படித்துத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தது அவரால். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. முப்பத்துநான்கு வருடம் எண்ணினேன். என் எண்ணிக்கையில் கூடுதல் குறைவு என்று ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் வரப்போகும் விடயத்துக்கு இது தேவைப்படுகிறது.

அக்காவின் மகள் சுகந்திக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரு நாள் காலை வேலைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. எங்கெங்கோ விசாரித்தோம். அவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க அக்கா பதினொரு வருடம் மறுத்தார். தையல் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு மகளை வளர்த்துப் படிப்பித்தார். ஆழிப்பேரலையில் சல்லி வீடு போனது; மெசினும் போனது. அதன் பிறகு உவர்மலையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். சுகந்தி கனடா போனாள். என் மனைவி காலமானாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு கிழங்கள் ஒரு வீட்டில் மிஞ்சினோம்.

அக்காவின் குணத்தில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்குக் கொடுக்காமல் விட அவரால் முடியாது. பலகாரம் சுட்டால் எங்கள் ஒழுங்கையில் உள்ள பத்து வீட்டுக்கும் போகவேண்டும். ஒரு வீட்டுக்குக் குறைந்தால் பத்துக்கும் இல்லை. நாங்கள் இருவரும் நான்கு நாள் அதையே சாப்பிடுவோம்.

சென்ற வருடம் சுகந்தி ஒரு வாழ்த்து அட்டைக்குள் ஊதாத் தக்காளி விதைகளை வைத்து அனுப்பினாள். பன்னிரண்டு விதைகள். அக்கா அவற்றை யோகட் கோப்பைகளில் போட்டார். ஒன்பது முளைத்தன. நான்கை நத்தை தின்றது. மிஞ்சிய ஐந்தையும், எங்கள் வளவு பாறை மண் என்பதால், வெறும் கோதுமை மாப் பைகளில் மண் நிரப்பிப் பின்வளவில் நட்டார். கிண்ணியாவிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை சிறிய லொறியில் ஆட்டெரு கொண்டுவரும் ராசிக், காய்கள் கறுத்த ஊதாவாகத் தொங்குவதைக் கண்டு நின்றுவிட்டார்.

"என்னக்கா இது? கத்தரிக்கும் தக்காளிக்கும் கலியாணம் செஞ்சு வெச்சிட்டீங்களா?"

"ஓம் ராசிக். பிள்ளை தகப்பன்ர நிறத்தில பிறந்திட்டுது."

அந்த இனத்தில் ஒரு சங்கடம் உண்டு. காய் சுண்டங்காய் அளவில் இருக்கும்போதே வெயில் பட்ட பக்கம் ஊதாவாகிவிடும். பார்த்தால் பழுத்ததுபோல் இருக்கும், பழுத்திருக்காது. காயைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பச்சை சிவப்பாக மாறியிருந்தால்தான் பழம். முன்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஆசைப்பட்டு ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பியபோது அக்கா, "பொறு பிள்ளை, பழுத்ததும் வீட்டுக்கு ஒண்டு வரும்" என்றார். அன்றிலிருந்து பத்து வீட்டாரும் காத்திருந்தீர்கள். ஏன் வரவில்லை என்பதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சீனி வருத்தம். கண் மங்கிவிட்டது. வலது காலில் ஒரு புண் மாறாமல் இருந்தது. ஒரு திங்கட்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் காலைப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், மூன்று நாளுக்குள் வந்து ஆஸ்பத்திரி வாட்டில் படுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார்:

"பத்துப் பழம் பழுக்கட்டும். பறிச்சு வீடு வீடாக் குடுத்திட்டு வாறன்."

சுகந்தி அன்றே போனில் அழுதாள். "அம்மா, ஒரு தக்காளிக்காகக் காலை விடப்போறீங்களே?"

"காலை விட்டா தக்காளிக்கு ஆர் தண்ணி ஊத்துறது? உன்ர மாமாவோ? அவர் வாளியை எண்ணிக்கொண்டு நிப்பார்."

அன்று கிளினிக்குக்குப் போய்வந்ததோடு அக்காவால் எழுந்து பின்வளவுக்குப் போக முடியாமல் போனது. கட்டிலிலிருந்து செடிகளுக்கு முப்பத்தொரு அடி. நான் போய் எண்ணிவந்து சொல்வேன். அன்று ஐந்து செடிகளிலும் நாற்பத்தொரு காய்கள் நின்றன. இரண்டின் அடி மஞ்சள் தட்டியிருந்தது. இன்னும் ஒரு கிழமையில் பத்துப் பழுக்கும் என்று கணக்கிட்டேன். மூன்று நாள் ஏழு நாளாகும். பெரிய பிழை வராது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு செடி தலை தொங்கியது. பின்னேரம் நிமிர்ந்தது. புதனன்று மூன்று தொங்கின. வெள்ளிக்கிழமை ஐந்தும் பச்சை இலையோடு செத்துப்போயின. விவசாயப் போதனாசிரியை வந்து தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தார். வெள்ளையாக நூல்போல் ஒன்று இறங்கியது. "வாடல் நோய் ஐயா. மருந்தில்லை. காயோட பிடுங்கி எரியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை கிணற்றுக்குப் பின்னால் வைத்து எரித்தேன். புகை உள்ளே போயிருக்கிறது.

"என்னடா எரிக்கிறாய்?"

"சருகு அக்கா."

"எத்தினை சிவந்திருக்கு?"

அக்காவுக்கு அன்று இலேசான காய்ச்சல். முகம் வாடியிருந்தது. செத்துவிட்டன என்று சொல்ல வாய் வரவில்லை. "நாலு" என்றேன்.

நான் சொன்ன எண்ணை அக்கா ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஐந்து என்றேன். பிறகு ஆறு, ஏழு. ஏழு சொன்ன பிறகுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. பத்து என்றால் பறித்துக் கொண்டுவரச் சொல்வார். கொண்டுபோய்க் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே ஏழிலேயே நிறுத்தினேன். வானம் மூடிக்கிடக்கிறது, வெயில் காணாது, பழுக்கத் தாமதமாகிறது என்றேன். ஏழைப் பறித்துத் தா என்று அவர் கேட்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வீட்டை விட்டுவிட்டுக் கொடுக்க அவரால் ஏலாது. பத்துக்காக அவர் காத்திருந்தார். பத்து வராமல் பார்த்துக்கொண்டவன் நான். பதின்மூன்று காலையில் பதின்மூன்று தடவை ஏழு என்று சொன்னேன்.

சுகந்தி படம் கேட்டாள். போனில் இருந்த பழைய படங்கள் மூன்றை அனுப்பினேன். வந்து பார்த்த அயலவர்களை முன்னறையோடு மறித்துக் கதைத்து அனுப்பினேன். பின்வளவு ஒழுங்கைக்குத் தெரியாது. ராசிக் மட்டும் எருவோடு பின்பக்கம் போய் வெறும் பைகளைக் கண்டுவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"கிளாக்கர் ஐயா, போய்ச் சொல்லிருங்க. அந்தக் காலுல மணம் வருது."

"சொன்னால் மனம் உடைஞ்சுபோவா."

"அப்ப நான் நாளைக்குச் சந்தையில பத்துத் தக்காளி வாங்கிட்டு வாறன். கையில குடுங்க. அக்காவுக்குக் கண்ணு தெரியாதுதானே? எண்ணிப் பாத்திட்டு, ஒழுங்கைக்கு அனுப்பிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போவம். லொறி நிக்குது."

நான் மறுத்தேன். சந்தைத் தக்காளி பெரியது, தொட்டால் தெரிந்துவிடும் என்றேன். பத்து வீட்டாரும் என்ன நினைப்பார்கள் என்றேன். கடைசியில், அக்காவை அப்படி ஏமாற்ற என்னால் ஏலாது என்றும் சொன்னேன். ராசிக் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இப்ப மட்டும் என்ன செய்றீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு எருவை இறக்காமலே போய்விட்டார். அன்று நான் பொய் சொல்லத் தொடங்கி ஒன்பதாவது நாள். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த மலர் இந்த வருடம் அச்சாகியிராது என்றே நினைக்கிறேன்.

அக்கா உண்மையில் பழத்துக்காகத்தான் காத்திருந்தாரா, விரல் வெட்டப் பயந்து அதைச் சாட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பயந்திருப்பார். எவர்தான் பயப்படமாட்டார்? ஆனால் அந்தச் சாட்டுக்குத் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியவன் நான்.

பொய் தொடங்கிய பதினேழாம் நாள், திங்கட்கிழமை காலை, அக்காவின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. மூன்று போர்வை போட்டும் நிற்கவில்லை. கால் பெருவிரல் கரிபோல் இருந்தது. கட்டில் விளிம்பில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஐஞ்சுமோ?"

"ஐஞ்சும் அக்கா."

"எத்தினை நாளாச்சு?"

"எரிச்சுப் பதினாறு நாள் முடிஞ்சுது."

"அப்ப அந்த ஏழு?"

"பொய்."

அக்கா போர்வையை இழுத்துக் காலை மூடினார். பிறகு, "சரி. என்ர உடுப்பு ரெண்டை எடுத்து வை. ராசிக்குக்குப் போன் பண்ணு" என்றார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. அக்கா அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார். தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மருந்து கட்ட வந்த தாதியிடம், "இவர் என்ர தம்பி. கப்பலையே எண்ணி இறக்கினவர்" என்று என்னைக் காட்டினார். அது நையாண்டியா, அன்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான்காம் நாள் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "பிள்ளைக்கு இதைச் சொல்லாதை. எனக்குப் பிறகு உன்னை மாமா எண்டு கூப்பிட அவள் ஒருத்திதான் இருக்கிறாள்."

சனிக்கிழமை காலை அக்கா இறைவனடி சேர்ந்தார். கிளினிக்கில் பார்த்த அதே டொக்டரிடம், முதல் கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது ஐயா" என்றார். அவர் முகத்தைப் பார்க்கையில், அது இரக்கத்தில் சொன்ன பதிலாகவே எனக்குத் தோன்றியது.

சுகந்தி வந்து கிரியைகளைச் செய்தாள். பின்வளவில் வெறும் பைகளைக் கண்டு கேட்டபோது வாடல் நோய் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும் அன்று என் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்கள் இருந்தபடியால்தான் மாமா அம்மா இவ்வளவு நாளும் இருந்தா" என்றாள். இம்மலருக்கு அவள் எழுதி அனுப்பிய நன்றியுரையிலும் முதல் வசனம் என்னைப் பற்றியது. கண்ணை இமை காப்பதுபோல் இறுதிவரை காத்த மாமா என்று இருந்தது. அந்த வசனத்தை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்காமல் விடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே அக்கா வேண்டாம் என்றதையும் மீறி, இதுவரை நீங்கள் வாசித்த அனைத்தையும் சுகந்திக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இருபது நிமிடம் எடுத்தது. முடிந்த பிறகும் அவள் தொடர்பைத் துண்டிக்கவில்லை. கடைசியில், "நீங்கள் எழுதினதை அப்படியே போடுங்கோ" என்றாள். அதன் பிறகு ஒன்பது நாளாகிறது. அவளிடமிருந்து அழைப்பு இல்லை. நான் அழைத்து என்ன சொல்வது?

இனி நன்றி கூற வேண்டும். அக்காவைத் தன் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஐந்து நாளும் வந்து பார்த்து, வீட்டுக்குக் கொண்டுவரவும் உதவிய கிண்ணியா ராசிக்குக்கும், சிகிச்சை அளித்த டொக்டர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டு, தண்ணீர் அள்ளி, எட்டுச் சடங்கு வரை சமைத்துத் தந்த எங்கள் ஒழுங்கையின் பத்து வீட்டாருக்கும், சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்து அக்காவைச் சுமந்த உறவினருக்கும், தூர இடங்களிலிருந்து அனுதாபம் தெரிவித்தோருக்கும், குறுகிய காலத்தில் இம்மலரை அச்சிட்டுத் தந்தோருக்கும் எமது குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. யாரையும் விட்டிருந்தால் பொறுத்தருளவும். சுகந்தியின் நன்றியுரையில் மாமாவின் பெயர் இல்லாததைச் சிலர் கவனிப்பீர்கள். அது அச்சுப்பிழை அல்ல.