எக்ஸ்ரே அக்காவின் மேசை

சேர வந்தவரின் சட்டைக் காலரை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே பேசுவார் அக்கா. "வழியெல்லாம் மழையா? அம்மா நல்லாருக்காங்களா?" என்று வாய் நலம் விசாரிக்கும். விரல் மட்டும் தன் காரியத்திலேயே கண்ணாக இருக்கும். திடீரென்று உருட்டல் நிற்கும். கத்தரிக்கோல் நுனியால் நாலு தையலைப் பிரித்தால் உள்ளேயிருந்து இரண்டு போதை மாத்திரை மேசையில் விழும்.

"என்ன ராசா, காலருக்குக் காய்ச்சலா? மாத்திரையெல்லாம் வச்சுத் தச்சிருக்கு?"

போதையிலிருந்து மீள வருகிறவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லம் அது. நாற்பது கட்டில், கட்டணம் கிடையாது. சேர வருகிறவர்களின் துணிமணி, செருப்பு, பற்பசை எல்லாம் வாசலறையில் இவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பதினைந்து வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்த கை. எக்ஸ்ரே அக்கா என்று உள்ளே இருப்பவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த பெயரா!

பிரித்ததை அப்படியே விடமாட்டார். அதே நிற நூல் தேடித் தைத்துக் கொடுத்த பிறகுதான் அடுத்த பை. "கிழிஞ்ச சட்டையோட அனுப்பினா, முதல் நாளே திருடன்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும் சார்" என்று மேலாளரிடம் ஒருமுறை சண்டையே போட்டார்.

அவர் தம்பிக்கும் போதைப் பழக்கம் உண்டு. இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் ஓடிப்போனவன், போன வாரம் மூன்றாவது முறையாக வந்தான். மூன்றாம் முறை வருகிறவர் எதையாவது ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்டால் இடம் கிடையாது. தானே எடுத்துக் கொடுத்தால் உண்டு. அது இல்லத்தின் சட்டம். சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்பதும் சட்டம். அதனால் மேலாளரே தடவிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, உள்ள போப்பா" என்றார்.

அக்கா தள்ளி நின்றுதான் பார்த்தார். தம்பி போட்டிருந்த சட்டையின் காலரில் மெஷின் தையல் நடுவே கோணல்மாணலாக அரை விரல் நீளத்துக்குக் கைத்தையல். சொன்னால் கூடப்பிறந்தவனுக்கு இடம் போகும். சொல்லாவிட்டால் அந்த மாத்திரை நாற்பது பேர் நடுவே போகும். சொல்வதென்றே மேலாளர் பக்கம் அடியெடுத்து வைத்தார்.

அதற்குள் உள்வாசல் வரை போனவன் நின்றான். திரும்பி வந்தான். சட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"காலர்ல இருக்குக்கா. நீயே பிரிச்சிடு."

மேலாளர் பதிவேட்டை இழுத்து, வழக்கம்போல 'சோதனையில் கிடைத்தது' என்று எழுத ஆரம்பித்தார்.

"அப்படி எழுதாதீங்க சார்! எந்தம்பி தானா குடுத்தான். தானா குடுத்தான்னு எழுதுங்க."

குரல் தெருவரைக்கும் கேட்டது. பெருமையை மறைக்க அவர் முயலவே இல்லை. மேலாளர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதி முடிக்கும்வரை, அந்த வரியின் மேல் அழுத்திவைத்த விரலை அவர் எடுக்கவில்லை.